ஒரு வாரத்தில் முப்பது அடி

வாசற்படி தரையிலிருந்து 30 அங்குல உயரத்தில் இருந்தால், சக்கர நாற்காலி ஏறி இறங்கும் சாய்தளம் 30 அடி நீளம் இருக்க வேண்டும். அங்குலத்துக்கு ஓர் அடி என்பது அமெரிக்காவில் உள்ள கணக்கு. குழி தோண்டி, கால் நட்டு, கான்கிரீட் ஊற்றி, சட்டம் அடித்து, பலகை பாவி, கைப்பிடி பொருத்த வேண்டும். சுத்தியலைப் பிடித்துப் பழகாத ஏழெட்டு மாணவர்களுக்கு இது ஏறக்குறைய ஒரு வார வேலை. பக்கவாதத்தாலோ நிலக்கரித் தூசியில் நுரையீரல் கெட்டோ வீட்டுக்குள்ளேயே கிடந்தவர், அந்த வாரக் கடைசியில் தன் முற்றத்து வெயிலில் வந்து உட்காரலாம்.

கிழக்குக் கென்டக்கியில், அப்பலாச்சிய மலைகளின் இடுக்குகளில், ஒவ்வொரு மார்ச் மாதமும் இப்படிப்பட்ட வேலை நடக்கிறது. கல்லூரிகளுக்கு அப்போது ஒரு வாரம் விடுமுறை. கடற்கரைக்குப் போகிறவர்கள் போக, சிலர் இந்த மலைக்கு வருகிறார்கள். அது பெரும்பாலும் தவக்காலம். நோன்பும் செபமும் தர்மமும் சேர்ந்ததே தவக்காலம் என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் கேட்டது, இங்கே ஆணியும் பலகையுமாகக் கைக்கு வருகிறது.

இதற்கு வித்திட்டவர்களில் ஒருவர் அருட்தந்தை ரால்ஃப் பைட்டிங். 1950இல் இந்தப் பகுதிக்கு இளம் குருவாக அனுப்பப்பட்டார். பங்கின் பரப்போ பல மாவட்டங்கள். கத்தோலிக்கரோ மிகச் சிலர். சுற்றிலும் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபையினர். போப்பாண்டவரின் ஆள் என்றாலே சந்தேகத்தோடு பார்த்த ஊர்கள். தெருமுனையில் நின்று பிரசங்கித்தார். வடக்கே இருந்த உறவினரிடமும் நண்பர்களிடமும் துணியும் உணவும் கேட்டு வாங்கி வந்து கொடுத்தார். 1957இல் ஹெரிங்டன் ஏரிக்கரையில் சிறுவர்களுக்குக் கோடை முகாம் நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1964இல் உருவான ‘கிறிஸ்டியன் அப்பலாச்சியன் புராஜெக்ட்’. தொடங்கியவர் கத்தோலிக்கக் குரு. கதவு எல்லாச் சபையினருக்கும் திறந்திருந்தது. மாணவர்களின் வீடு பழுதுபார்க்கும் வாரத்தை அந்த அமைப்பு ‘வொர்க்ஃபெஸ்ட்’ என்று அழைக்கிறது.

முகாமில் தூக்கம், காலையில் செபம், மதியத்துக்குக் கட்டிக்கொண்ட ரொட்டி, ஓடையோரமாக மேலேறும் குறுகிய சாலை. போய்ச் சேரும் இடம் பல நேரம் ஒரு டிரெய்லர் வீடாக இருக்கும். அதன் தரை மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. குளியலறைக் குழாய் கசிந்தால் பலகை ஊறி உப்பி, மிதித்த இடத்தில் கால் உள்ளே போகும். அதைப் பெயர்த்து எடுப்பது அழுக்கு வேலை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வீட்டுக்கார அம்மாள் வாசலில் வந்து நின்று பேசத் தொடங்கினால், நல்ல குழுத் தலைவர் சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்க நேரமில்லாமல் அடிக்கப்படும் ஆணியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் அந்தப் பேச்சில்தான் ஏழ்மையின் காரணம் இருக்கிறது. இது வளமில்லாத மண் அல்ல. நூறாண்டுக்கு மேலாக இங்கிருந்து ரயில் ரயிலாக நிலக்கரி போயிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி ஆட்கள் வந்து, மேல்மண் உனக்கு, அடியில் இருப்பது எங்களுக்கு என்று அற்ப விலைக்குப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். எழுத்தறியாதவர்கள் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். பிறகு புல்டோசர் வந்தது. பத்திரம் கொடுத்தவரின் பேரன் வாழும் நிலத்தை அவன் சம்மதமின்றியே கிழித்துக் கரி எடுக்கலாம் என்று நீதிமன்றமும் சொன்னது. 1965இல் நாட் மாவட்டத்தில் ஓலி கோம்ஸ் என்ற 61 வயது விதவை புல்டோசரின் முன்னால் போய் அமர்ந்தார். போலீஸார் அவரைக் கையும் காலுமாகத் தூக்கிச் சென்ற புகைப்படம் நாடெங்கும் பரவியது. அந்தப் பத்திரங்களின் பல்லைப் பிடுங்கும் அரசியல் சாசனத் திருத்தத்துக்குக் கென்டக்கி வாக்களித்தது 1988இல்தான். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆதரித்தார்கள்.

திருச்சபையும் இதைப் பார்க்கத் தவறவில்லை. 1975இல் அப்பலாச்சியப் பகுதியின் ஆயர்கள் 25 பேர் கையெழுத்திட்டு ‘இந்த மண் என் வீடு’ என்ற மேய்ப்புப்பணி மடலை வெளியிட்டார்கள். வசனகவிதை வடிவில் எழுதப்பட்ட அந்த மடல், தர்மம் கேட்கவில்லை. மக்களின் குரலைக் கேட்டு, அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டது.

ஒரு வாரத் தொண்டைப் பற்றிக் கடுமையாகப் பேசியவரும் ஒரு கத்தோலிக்கக் குருவே. 1968 ஏப்ரலில், மெக்சிகோவின் கிராமங்களில் கோடைத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் பேசினார். மொழி தெரியாது, உங்களை அந்த மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் தெரியாது. படிக்க வாருங்கள், பார்க்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம்.

கென்டக்கியில் மொழிச் சிக்கல் இல்லை. ஆனாலும் இல்லிச்சின் கேள்வி அங்கும் செல்லும். மாணவர்களின் பயணச் செலவை உள்ளூர்த் தச்சருக்குக் கூலியாகக் கொடுத்தால் என்ன? வேலையின்றி இளைஞர்கள் ஊரைவிட்டுப் போகும் பகுதியில் இது நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: எந்த வீடு, என்ன வேலை என்பதை ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவர்கள் தீர்மானிக்க வேண்டும், சம்பளம் வாங்கும் உள்ளூர் ஆள் மேஸ்திரியாக நிற்க வேண்டும், வந்தவர்கள் அவருக்குக் கையாளாக இருக்க வேண்டும். பைட்டிங்கின் அமைப்பில் உள்ளூர்ப் பணியாளர்கள் இருப்பதால்தான் அந்த ஒரு வாரத்துக்கு முன்னும் பின்னும் தொடர்ச்சி இருக்கிறது. 2022 ஜூலை வெள்ளத்தில் இந்த மலைகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சமதரை என்று இருப்பதே ஓடைக்கரை மட்டும்தான் என்பதால் வீடுகளும் அங்கேதான் இருந்தன. அந்த நேரத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது, அங்கேயே இருப்பவருக்குத்தான் தெரியும்.

மாணவர்களின் வாரத்தில் இன்னொன்றும் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். 1970களின் கடைசியில் அப்பலாச்சிய மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, ஆறு மாநிலங்களில் 80 மாவட்டங்களின் நிலப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். ஆராய்ந்த நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெளியூர்க்காரர்கள் கையில் இருந்தது. அந்தப் பதிவேடுகளை இன்றும் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் யாரும் கேட்டுப் பார்க்கலாம். சாய்தளத்துக்குக் கான்கிரீட் இறுகக் காத்திருக்கும் நேரத்தில் மாணவர்களை அங்கே அழைத்துப் போகலாம். அந்த வீடு நிற்கும் மலை யார் பெயரில் இருக்கிறது என்பதை அவர்களே தேடிப் பார்க்கட்டும்.