பழைய மண்டபத்தின் உயர்ந்த யன்னல்கள்

எமது கல்லூரி வளவின் மூலையில் நிற்கும் பழைய மண்டபத்தை இன்று நாம் களஞ்சிய அறையாகவே அறிவோம். உடைந்த மேசை கதிரைகளும் விளையாட்டுப் போட்டியின் இல்ல அலங்காரங்களில் மிஞ்சியவையும் அங்கேதான் கிடக்கின்றன. அதை இடித்துவிட்டு மூன்று மாடி வகுப்பறைக் கட்டடம் எழுப்பலாம் என்ற பேச்சு நடக்கிறது. இடப்பற்றாக்குறை உண்மைதான், எமது வகுப்பே ஒரு தவணை முழுவதும் மரநிழலில் நடந்தது. ஆனாலும் முடிவெடுக்குமுன் அந்த மண்டபத்தைப் பற்றிப் பெற்றோரும் தங்கைமாரும் அறிந்திருக்க வேண்டும்.

அதன் யன்னல்களைக் கவனித்திருக்கிறீர்களா? முற்றத்துப் பக்கம் அவை இடுப்பளவில் உள்ளன. வீதிப் பக்கத்தில் மட்டும் தலைக்கு மேலே. நானும் தோழியரும் நாடா பிடித்து அளந்தோம். நிலத்திலிருந்து யன்னலின் அடி வரை 5 அடி 8 அங்குலம். மேசனின் தவறாக இருக்குமோ என்று எண்ணி, அங்கே படித்த என் உம்மம்மாவிடம் கேட்டேன். சிரித்தார்.

"ரோட்டால போற ஆக்களுக்கு உள்ளுக்குத் தெரியப்படாது எண்டுதான் மகள் அப்பிடிக் கட்டின. அது இல்லாட்டி எங்கட வாப்பா என்ன அனுப்பியே இருக்க மாட்டார்."

வயதுக்கு வந்ததும் பெண்பிள்ளையை வீட்டோடு நிறுத்திவிடும் வழக்கம் இருந்த காலம் அது. அந்த உயரம் தந்தைமாருக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவாதம். உம்மம்மாவின் ராத்தாவுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. அவர் தம் பெயரை எழுதப் பழகியதே பேரப்பிள்ளைகளிடம்தான்.

இந்தத் தயக்கத்தை எமது முன்னோர் பல வழிகளில் எதிர்கொண்டார்கள். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பை, கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை திறந்தபோது அதன் பொறுப்பைத் தம் சகோதரியிடமே ஒப்படைத்தார். அவர் கொடுத்த உத்தரவாதம் அது என்றே நான் நினைக்கிறேன். 1892இல் மருதானைப் பள்ளிவாசலை அண்டி, இன்றைய ஸாஹிராக் கல்லூரி ஆரம்பமானபோது அவரோடு தோள்கொடுத்தவர்களுள் ஒருவர் வாப்பிச்சி மரைக்கார். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவரும் அவரே. நூதனசாலையை எவரும் இடிக்க நினைக்கமாட்டார்கள். ஆனால் அதே தலைமுறை மூட்டிய ஆர்வத்தால் ஊர்தோறும் எழுந்த சிறிய பாடசாலைக் கட்டடங்களை நாம் பழைய கட்டடங்கள் என்று மட்டுமே சொல்கிறோம்.

சட்டமும் இவ்விடயத்தில் தானாக உதவிக்கு வருவதில்லை. எமது நாட்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆந் திகதியை, அதாவது கண்டி ஒப்பந்த நாளை, எல்லையாகக் கொள்கிறது. அதற்கு முற்பட்ட கட்டடங்களுக்கே இயல்பாகப் பாதுகாப்பு உண்டு. பிற்பட்டவை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டால்தான் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகும். மேலே சொன்ன பாடசாலைகள் யாவும் அந்த நாளுக்குப் பிந்தியவை. ஆகவே, எவராவது கேட்டால்தான் உண்டு.

திருத்த முடியாத அளவு பழுதாகிவிட்டது என்கிறார்கள். சுவர் ஈரமாகி உதிர்வது உண்மை. ஆனால் அது கபொக் கல்லில் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர். உள்ளே சேரும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அதன் மேல் பிற்காலத்தில் சீமெந்து பூசியதால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, கல்லை அரிக்கிறது. சீமெந்தை நீக்கி மீண்டும் சுண்ணாம்பே பூசுவதுதான் பரிகாரம். இலேசான வேலை என்று சொல்லமாட்டேன்.

காரியாலயத்தில் பழைய சேர்வு இடாப்பும் இருக்கிறது. அதிபரின் அனுமதியோடு புரட்டினேன். விலகிய காரணம் எழுதும் நிரலில், ஆரம்பப் பக்கங்களில் "வீட்டில் நிறுத்தப்பட்டது" என்றே வரிக்கு வரி இருக்கிறது. பக்கங்கள் போகப் போக அது குறைந்து, "சித்தியடைந்து விலகினார்" என்பது கூடுகிறது. அந்தப் பிள்ளைகள் அமர்ந்திருந்தது அந்த உயர்ந்த யன்னல்களின் கீழேதான்.

புதிய கட்டடம் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. வளவின் பின்பக்கத்தில் இடம் இருக்கிறது. அதுவும் போதாதெனில், வீதிப் பக்கச் சுவரையாவது யன்னல்களோடு விட்டுவிட்டுக் கட்டலாமா என்று பெற்றோர் அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும். மண்டபத்தில் எடுத்த பழைய வகுப்புப் படங்கள் வீட்டில் இருந்தால், விடுமுறைக்கு முன் நூலகத்தில் தாருங்கள். பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். உம்மம்மாவின் படத்தை நான் ஏற்கனவே கொடுத்துவிட்டேன். இரண்டாம் வரிசையில், இடப்பக்கத்திலிருந்து நான்காவதாக நிற்கிறார்.