ஜெனரலின் மகள்

நேயர்களே, கல்யாணமான ஒரு பெண்ணைப் பற்றி நாடகம் எழுதுகிறீர்கள். தலைப்பில் அவள் பெயரோடு யார் பெயரைச் சேர்ப்பீர்கள்? புருஷன் பெயரையா, அப்பா பெயரையா?

நார்வே நாட்டின் ஹென்ரிக் இப்சன் 1890-இல் எழுதிய நாடகத்தின் நாயகி ஹெட்டா. கணவர் பெயர் டெஸ்மன். ஆனால் நாடகத்துக்கு இப்சன் வைத்த பெயரோ 'ஹெட்டா காப்லர்'. காப்லர், அவளுடைய அப்பா. ராணுவ ஜெனரல். அவளைக் கணவனின் மனைவியாக அல்ல, அப்பாவின் மகளாகவே பார்க்க வேண்டும் என்று இப்சனே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார்.

அந்த அப்பா மேடைக்கு வருவதே இல்லை. அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். உள்ளறையில் அவர் படம் மாட்டியிருக்கும். அவர் விட்டுப்போன கைத்துப்பாக்கிகள் மகள் கையில் இருக்கும். தோட்டத்து வழியாக வீட்டுக்கு வரும் நண்பரை நோக்கி, பொழுது போகாமல் ஒரு வேட்டு வேறு வைப்பாள்!

அப்பாவோடு குதிரையேறித் திரிந்தவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு அந்தச் சமூகம் கொடுத்தது ஒரு வரவேற்பறை மட்டும்தான். அதை உதறிவிட்டுப் போகலாமே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். துப்பாக்கிக்கு அஞ்சாதவள், ஊர் வாய்க்கு அஞ்சுவாள். தன் வாழ்க்கையை ஆள முடியாத ஆத்திரத்தில் அடுத்தவர் வாழ்க்கையை ஆட்டிவைக்கப் பார்ப்பாள். கதை விபரீதமாவது அதனால்தான்.

நாலே அங்கம், ஒரே வீடு. கிடைத்தால் படித்துப் பாருங்கள், நேயர்களே!