புகையைக் கழுவும் நீரும் அரிபடும் குழாய்களும்

கண்டியைச் சூழ்ந்த மலைநாடு நீர்மின்னின் தாயகம். 1976இல் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்டது. 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நிலையம் 210 மெகாவாற்று ஆற்றலுடையது. ஆயினும் மழை குன்றிய காலங்களில் கண்டி நகரின் விளக்குகளும் பேராதனையின் ஆய்வுகூடங்களும் நிலக்கரியையே பெரிதும் சார்ந்து நிற்கின்றன. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011இல் முதல் அலகையும், 2014இல் ஏனைய இரண்டையும் பெற்று, 900 மெகாவாற்று ஆற்றலுடன் தேசிய மின்வலையமைப்புக்கு மின் வழங்குகின்றது. எனவே அங்கு எழும் புகை எவ்வாறு தூய்மையாக்கப்படுகின்றது என்பது மலைநாட்டவராகிய நமக்கும் உரிய வினாவாகும்.

நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிகையில் கந்தகவீரொட்சைட்டு தோன்றுகின்றது. நுரைச்சோலையில் இதனை நீக்குவதற்குக் கடல்நீரே பயன்படுத்தப்படுகின்றது. இம்முறையில், கோபுரமொன்றினுள் மேலெழும் புகைமீது கடல்நீர் பொழியப்படும். வாயு நீரிற் கரைந்து அமிலமாகும். கடல்நீரில் இயல்பாகவுள்ள இருகாபனேற்று அவ்வமிலத்தை நடுநிலையாக்கும். பின்னர் காற்றூட்டப்படுவதால் சல்பைற்று சல்பேற்றாக மாறிக் கடலை அடையும்.

இத்தகைய கோபுரங்களின் உயிர்நிலை நீரைப் பகிரும் குழாய்களே. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு. துருவேறா உருக்கைக் காப்பது அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலம். குளோரைட்டும் அமிலமும் கூடுமிடத்து அப்படலம் உடைந்து, ஊசித்துளை போன்ற குழிகள் தோன்றி உள்நோக்கி வளரும். இறப்பர் உட்பூச்சிட்ட உருக்குக் குழாயிலும் பூச்சு ஓரிடத்திற் கிழியின் அதே கதியே நேரும்.

ஆதலாற் கண்ணாடிநாரால் வலுவூட்டப்பட்ட பிளாத்திக்குக் குழாய்கள் பரவலாகக் கையாளப்படுகின்றன. இவற்றில் நார் அழுத்தத்தைத் தாங்கும்; உட்புறத்தே அமைந்த, பிசின் செறிந்த படை அமிலத்தைத் தடுக்கும். இதற்கு வைனைல் எசுத்தர் வகைப் பிசின் ஏற்றது. எனினும் வெப்பம் இவற்றின் பகை. கோபுரத்தை அடையும் புகை 100 பாகை செல்சியசைக் கடந்திருக்கக்கூடும். பொழியும் நீரே குழாயையும் குளிர்விக்கின்றது. நீரேற்றி நின்றுவிடின் குழாய் பழுதுறும். அதனால் அவசரகால நீர்வழங்கல் இன்றியமையாதது.

குழாய் கசிந்தாலோ விசிறுமுனை அடைபட்டாலோ கோபுரத்தின் ஒரு பகுதியில் நீர் விழாது. அவ்வழியே வாயு கழுவப்படாமல் வெளியேறும். கந்தகவீரொட்சைட்டு நிறமற்றது, எனவே புகைபோக்கியை நோக்குவோர் எவ்வித வேறுபாட்டையும் காணார். பழுதினை அளவுகருவி மட்டுமே அறியும். அதன் விளைவையோ அயலில் வாழும் மீனவரும் தோட்டப்பயிர் செய்வோருமே சுவாசிப்பர்.

இங்கேதான் பொறியியல் சமூகவியலைச் சந்திக்கின்றது. தரமான குழாயின் செலவும், அதனைப் பரிசோதிக்க அலகை நிறுத்துவதால் நேரும் இழப்பும் கணக்கேட்டில் உடனே தென்படும்; நோயின் செலவு அவ்வேட்டில் இடம்பெறாது. ஆகவே அரிப்பைத் தாங்கும் குழாயைப் பொருத்துவதோடு கடமை முடிவதில்லை. காலந்தவறாப் பரிசோதனையும், புகைபோக்கியில் எடுக்கப்படும் அளவீடுகளை மக்கள் அறிய வெளியிடுதலும் அக்குழாயின் பகுதிகளாகவே கொள்ளப்படல் வேண்டும். மின்னின் பயனைத் தொலைவிலிருந்து துய்க்கும் நாம் இவற்றைக் கோருதல், புகையின் நிழலில் வாழ்வோர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடனாகும்.