உஷார்! ‘மீடியா ஆஃப்லைன்’ காத்திருக்கிறது

தாலி கட்டும் காட்சிக்கு ரீடேக் கிடையாது. அதை எடுத்த கார்டு பத்திரமாகக் கையில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் நாதஸ்வரம் கேட்கிறது, படம் வரவில்லை. அல்லது படம் வருகிறது, ஆனால் திக்கித் திக்கி நகர்கிறது. ஒரு வெட்டு வைப்பதற்குள் மெஷின் உறைந்துபோகிறது. அல்லது எல்லாம் வெட்டி முடித்து, கலர் செய்பவரிடம் அனுப்பிய பிறகு அவர் திரையில் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்பாக நிற்கிறது. டெலிவரிக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

இது வேலை தெரியாதவர்களுக்கு மட்டும் வருவதில்லை. நல்ல கேமரா, நல்ல மெஷின், நல்ல சாஃப்ட்வேர் மூன்றையும் காசு கொட்டி வாங்கியவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. மூன்றும் தனித்தனியே நல்லவை; ஒன்றோடொன்று பேசுமா என்று மட்டும் வாங்கும் முன் யாரும் பார்க்கவில்லை.

‘எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் பெஸ்ட்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? அந்தக் கேள்வியை இப்போதே நிறுத்துங்கள். பிரீமியர், ரிசால்வ், எடியஸ், ஃபைனல் கட், ஆவிட் எல்லாவற்றிலும் நல்ல வேலை நடந்துகொண்டிருக்கிறது. உங்களைக் கவிழ்க்கப்போவது சாஃப்ட்வேரின் தரம் இல்லை. கார்டிலிருந்து கோப்பு இறங்குவதில் தொடங்கி வாடிக்கையாளர் கையில் வீடியோ போய்ச் சேரும் வரை உள்ள பாதையில் எங்கோ ஒரு இடத்தில் அது அடுத்தவரோடு ஒத்துப்போகாமல் நிற்கும். எந்த இடம் என்று இன்றைக்கே கண்டுபிடியுங்கள்.

முதல் இடம் கேமராவிலேயே இருக்கிறது. சோனி ஏ7 எஸ் 3, ஏ7 4, கேனான் ஆர்5, ஆர்6 போன்ற கேமராக்கள் 4:2:2, 10 பிட், எச்.265 என்ற வகையில் பதிவு செய்யும். கலர் செய்ய அருமையான கோப்பு. ஆனால் எச்.265 ஒவ்வொரு பிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. எப்போதாவது ஒரு முழுப் பிரேம். நடுவில் இருப்பவையெல்லாம் ‘முன்னதிலிருந்து என்ன மாறியது’ என்ற கணக்கு மட்டும்தான். நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தில் நிறுத்தினால், அந்த ஒரு பிரேமைக் காட்ட அக்கம்பக்கத்து பிரேம்களையெல்லாம் மெஷின் அவிழ்த்தாக வேண்டும். அதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி உண்டு. அது இருந்தால் வெண்ணெய் மாதிரி ஓடும், இல்லாவிட்டால் பிராசஸர் திணறும்.

இங்கேதான் பலர் லட்சக்கணக்கில் ஏமாறுகிறார்கள். எச்.265 4:2:2 10 பிட்டை அவிழ்க்கும் வசதி இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களில் 11ஆம் தலைமுறையிலிருந்து, அதுவும் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியில்தான் இருக்கிறது. மாடல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசஸரில் அந்தக் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. சில ஆயிரம் ரூபாய் குறைவு என்று கடையில் அதைத்தான் கட்டிக்கொடுப்பார்கள். ‘அதனால் என்ன, பெரிய என்விடியா கார்டு போட்டிருக்கிறேனே’ என்று நினைக்காதீர்கள். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகளுக்கு 4:2:2 அவிழ்க்கத் தெரியாது. 4070 போட்ட மெஷின் திணறும்போது, சாதாரண எம்1 மேக்புக் அதே கோப்பை அலட்டாமல் ஓட்டும். விலையை வைத்து மெஷினை எடைபோடுவது இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து.

ரிசால்வ் இலவசம் என்று சந்தோஷமாக இறக்கிக்கொள்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இலவசப் பதிப்பு உண்மையிலேயே தாராளமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விண்டோஸில் இலவசப் பதிப்பு 10 பிட் 4:2:2 கோப்புகளில் மக்கர் செய்யும். சத்தம் மட்டும் வந்து படம் வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான். லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264 எம்பி4 கோப்பையே திறக்காது. எக்ஸ்போர்ட்டும் 3840x2160 அளவு, நொடிக்கு 60 பிரேம் என்ற எல்லையோடு நின்றுவிடும். இவை தேவையென்றால் ஸ்டுடியோ பதிப்பு. அதற்கு மாதச் சந்தா கிடையாது, ஒரே தடவை 295 டாலர். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு ‘இலவசம்’ என்று சொல்லுங்கள்.

மெஷின் போதாது என்று தெரிந்தால் பதற வேண்டாம், ப்ராக்ஸி இருக்கிறது. ஒரிஜினலை அப்படியே வைத்துக்கொண்டு, வெட்டுவதற்கு மட்டும் லேசான நகல். ஆப்பிள் புரோரெஸ், ஆவிட் டிஎன்எக்ஸ்எச்ஆர், எடியஸின் எச்க்யூஎக்ஸ் போன்றவை ஒவ்வொரு பிரேமையும் தனியாக வைப்பதால் மெஷினுக்குச் சுமை குறைவு. ஆனால் இடம் தின்னும். 4கே காட்சியை 25 பிரேமில் புரோரெஸ் 422 ஆக மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 221 ஜிபி. ஐந்து மணி நேர ரிசப்ஷன் ஃபுட்டேஜ் ஒரு டெராபைட் டிஸ்க்கைத் தாண்டிவிடும். அதே நேரத்தை 1080 அளவில் புரோரெஸ் ப்ராக்ஸியாக வைத்தால் மணிக்கு 17 ஜிபி போதும். எல்லாவற்றையும் பெரிய கோப்பாக மாற்றத் தொடங்கிவிட்டு, பாதி ராத்திரியில் டிஸ்க் நிரம்பி நிற்பதைவிட இந்தக் கணக்கை முதலில் போடுவது நல்லது.

பிரேம் ரேட் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இதில் செய்த தப்பு வெட்டும்போது கண்ணில் படாது, கடைசியில்தான் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட் வெளிச்சத்தில் 25 பிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் மினுக்கல் இல்லாமல் வரும். ஆனால் உதவியாளர் செல்போனில் எடுத்தது 30. ட்ரோன்காரர் கொண்டுவந்தது 24ஆகவோ 30ஆகவோ இருக்கும். 30ஐ 25 டைம்லைனில் போட்டால் ஆறு பிரேமுக்கு ஒன்று காணாமல் போகும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் நடப்பவர்கள் எல்லாரும் நொண்டுகிற மாதிரி தெரியும். செல்போனில் இன்னொரு கொடுமை: பல போன்கள் ஒரே சீரான வேகத்தில் பதிவு செய்வதில்லை. வெளிச்சத்தைப் பொறுத்து பிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும். நீளமான பேச்சை அப்படி எடுத்தால் தொடக்கத்தில் உதட்டோடு ஒட்டி இருந்த குரல் போகப்போக விலகிக்கொண்டே போகும். செல்போன் கோப்பை ஹேண்ட்பிரேக் போன்ற சாஃப்ட்வேர் ஒன்றில் போட்டு, நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் டைம்லைனுக்குள் விட வேண்டும்.

24க்கும் 23.976க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அசட்டையாக இருப்பவர்களும் உஷார். ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகும். டப்பிங்கில் அரை நொடி விலகினாலே பார்ப்பவர் எழுந்து போய்விடுவார். குறும்படமோ முழுப்படமோ தியேட்டருக்கு, திருவிழாவுக்குப் போகும் என்றால் அங்கே 24 கேட்பார்களா என்று படப்பிடிப்புக்கு முன்பே விசாரியுங்கள். 25இல் எடுத்து முடித்த 100 நிமிடப் படத்தை வேகம் குறைத்து 24இல் ஓட்டினால் 104 நிமிடமாகும். குரலின் சுருதியையும் சரிசெய்தாக வேண்டும். ரிசால்வில் புராஜெக்டின் பிரேம் ரேட்டை ஃபுட்டேஜ் உள்ளே வந்தபின் மாற்றவும் விடாது.

இப்போது வலை எங்கே விரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் மாதக்கணக்கில் உழைத்து வெட்டியது புராஜெக்ட் கோப்பு என்ற ஒன்றில் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி சாஃப்ட்வேர் கம்பெனியிடம் இருக்கிறது. 2011 ஜூன் 21 அன்று ஆப்பிள் ஃபைனல் கட் புரோ எக்ஸை வெளியிட்டது. அன்றே ஃபைனல் கட் 7 விற்பனையை நிறுத்தியது. புதியதில் பழைய புராஜெக்டைத் திறக்க முடியவில்லை. மல்டிகேம் இல்லை. அடுத்த ஆளிடம் கொடுக்க எக்ஸ்எம்எல், ஈடிஎல் எதுவும் இல்லை. ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் ‘கோல்ட் மவுன்டன்’ படத்தை வெட்டிய சாஃப்ட்வேரின் வாரிசு அது. உலகம் முழுக்க அதை நம்பித் தொழில் நடத்திய எடிட்டர்கள் ஒரே நாளில் நடுத்தெருவில் நின்றார்கள். எக்ஸ்எம்எல் சில மாதங்களிலும் மல்டிகேம் 2012 ஜனவரியிலும் திரும்பி வந்தன. அதற்குள் பலர் வேறு சாஃப்ட்வேருக்குப் போய்விட்டார்கள்.

பிரீமியரை விற்கும் அடோபி 2013இல் மாதச் சந்தாவுக்கு மாறியது. சந்தா தீர்ந்தால் உங்கள் சொந்தப் புராஜெக்டையே வெட்டித் திருத்த முடியாது. 2019 மே மாதம், பழைய பதிப்புகளை வைத்திருந்த சந்தாதாரர்களுக்கு, அவற்றைப் பயன்படுத்த இனி உரிமம் இல்லை என்று அந்த நிறுவனமே கடிதம் அனுப்பியது. புதிய பிரீமியரில் சேமித்ததைப் பழைய பிரீமியரில் திறக்க முடியாது. ரிசால்விலும் அப்படித்தான். எனவே நடந்துகொண்டிருக்கும் வேலையின் நடுவில் ‘அப்டேட்’ பொத்தானைத் தொடாதீர்கள். உங்களோடு வேலை செய்யும் சவுண்ட், கலர் ஆட்கள் எந்தப் பதிப்பில் இருக்கிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செல்போன் ஆப்பில் எல்லாம் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் விவாவீடியோவும் ஒன்று. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக்கோடு சேர்ந்து கேப்கட்டும் முடங்கியது. அப்படி ஒரு ஆப்புக்குள் பாதியில் நிற்கும் வேலையை வேறெங்கும் எடுத்துச் சென்று தொடர முடியாது.

ரிசால்வ் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தரம் படிக்க வேண்டும். பிரீமியர் மாதிரி ஃபோல்டருக்குள் ஒரு கோப்பாகப் புராஜெக்ட் இருக்காது. அது ஒரு டேட்டாபேஸுக்குள், நீங்கள் இடத்தை மாற்றாவிட்டால் விண்டோஸ் இருக்கும் சி டிரைவிலேயே இருக்கும். ஃபுட்டேஜ் எல்லாம் வேறு டிஸ்க்கில்தானே இருக்கிறது என்று சர்வீஸ்காரரிடம் மெஷினைக் கொடுத்து ஃபார்மட் செய்தால் அத்தனை டைம்லைனும் போச்சு. தினமும் வேலை முடிந்ததும் புராஜெக்டை டிஆர்பி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, ஃபுட்டேஜ் இருக்கும் டிஸ்க்கிலேயே ஒரு நகல் வையுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு பள்ளம் உண்டு: தமிழ் எழுத்து. எடியஸில் வேலை செய்யும் கல்யாண ஸ்டூடியோக்கள் பல இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைட்டில் அடிக்கின்றன. அவற்றில் உள்ளே சேமிக்கப்படுவது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். யூனிகோடுக்கு வந்தாலும் கதை முடியவில்லை. தமிழைக் கோக்கத் தெரியாத டைட்டில் கருவியில் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிரீமியரில் கிராஃபிக்ஸ் அமைப்புக்குள் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றும் இடம் உண்டு. மாற்றிய பிறகுதான் டைட்டிலைத் தொடங்க வேண்டும். சப்டைட்டில் எஸ்ஆர்டி கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்காவிட்டால் அடுத்த மெஷினில் வெறும் கேள்விக்குறிகள்தான். சாஃப்ட்வேர் பார்க்கப் போனால் ‘கொண்டாட்டம்’, ‘ஸ்ரீ’, ‘கௌரி’ என்று அடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேலையை அடுத்தவர் கையில் கொடுக்கும் இடத்தில்தான் உறவுகளே முறிகின்றன. கலருக்கு எக்ஸ்எம்எல், சவுண்டுக்கு ஏஏஎஃப் என்று அனுப்புவோம். அதில் போவது எந்த கிளிப், எங்கிருந்து எதுவரை என்ற தகவல். நீங்கள் ஆசையாகப் போட்ட வெளிப்புற ப்ளக்இன் எஃபெக்ட் போகாது, வேக மாற்றங்கள் பல இடத்தில் கோணும். பழைய ஓஎம்எஃப் என்றால் 2 ஜிபிக்கு மேல் தாங்காது. கிளிப்களைக் கோப்பின் பெயரையும் டைம்கோடையும் வைத்துத்தான் மறுபக்கம் தேடும். சோனி கேமரா இரண்டு இருந்தால் இரண்டு கார்டிலும் சி0001 என்ற கோப்பு இருக்கும். எது எந்த சி0001? மெஷின் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். கார்டை இறக்கியவுடன், ஒரு வெட்டு வைப்பதற்கு முன்பே, கேமராவும் தேதியும் சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். வெட்ட ஆரம்பித்த பிறகு பெயரில் கை வைக்கக் கூடாது. எந்த எக்ஸ்எம்எல்லோடும் டைம்கோடு எரித்த ஒரு ரெஃபரன்ஸ் வீடியோவைச் சேர்த்தே அனுப்புங்கள். இல்லாவிட்டால் எது தவறியது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

கிராக் வெர்ஷன் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ‘ஸ்டாப்’ என்ற ரான்சம்வேர் கூட்டம் பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேர் வழியாகத்தான் பரவியது. பத்துக் குடும்பங்களின் கல்யாணம் உங்கள் டிஸ்க்கில் இருக்கிறது. அதே மெஷினில் கிராக்கை ஏற்றாதீர்கள். காசு இல்லையென்றால் இலவச ரிசால்வும் ப்ராக்ஸியும் போதும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். நிஜமாக வேலையில் பயன்படுத்தப்போகும் கேமராவில், அதே செட்டிங்கில், ஒரு நிமிடம் எடுங்கள். ட்ரோனிலும் செல்போனிலும் ஒவ்வொன்று. வாங்கப்போகும் மெஷினிலேயே அல்லது அதே பிராசஸர் உள்ள நண்பர் மெஷினிலேயே ட்ரையல் பதிப்பில் போட்டு வெட்டுங்கள். ஒரு தமிழ் டைட்டில், ஒரு வேக மாற்றம், ஒரு மல்டிகேம். எக்ஸ்எம்எல்லும் ஏஏஎஃப்பும் எடுத்து உங்கள் கலர், சவுண்ட் ஆட்களிடம் கொடுங்கள். அவர்கள் திருப்பி அனுப்புவதை ஒட்டி, வாடிக்கையாளர் கேட்கும் வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்து, அவர் வீட்டு டிவியில் பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறதோ அதைச் சரிசெய்யும் வரை யாரிடமும் தேதி ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்ததும் டைட்டில் இல்லாத சுத்தமான மாஸ்டர் ஒன்று, பேச்சும் இசையும் தனித்தனி ஆடியோ கோப்புகளாக ஒரு செட், ஒரிஜினல் கார்டு நகல் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். பில் போடுவது அதற்கப்புறம்.