பேஸ் கிட்டாரிஸ்டுக்குப் பதிலாக வந்த மெஷின். அதை வாங்கியவரும் ஒரு பேஸ் கிட்டாரிஸ்ட்தான்!

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறியவர்களுக்குத் தெரியும், மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் போனில் டவர் போய்விட்டால், ஏற்கெனவே டவுன்லோட் செய்து வைத்திருப்பதுதான் பாட்டு. போன முறை என் போனில் இருந்தது ஒரே ஒரு ஆல்பம். வண்டி ஓட்டிய நண்பன் நாலு வளைவு வரை பேசாமல் கேட்டான். அப்புறம், "யாருடா இந்த டிஜே? பெர்லினா?" என்றான்.

"மும்பை. 1982. கல்யாணக் கச்சேரியில வாசிச்சவர்டா" என்றேன். நம்பவில்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. 2010-ல் இந்த ஆல்பம் மறுபடி வெளியானபோது ஐரோப்பாவில் பலர் இதையே ஒரு பித்தலாட்டம் என்று சந்தேகப்பட்டார்கள். யாரோ வெள்ளைக்கார எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் இந்தியப் பெயரில் ஒளிந்து விளையாடுகிறார் என்று பேச்சு. ஆல்பத்தின் பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. ஆள் நிஜம். பெயர் சரண்ஜித் சிங்.

யார் இவர்?

பாலிவுட் ரெக்கார்டிங் தியேட்டர்களில் வாசித்துப் பிழைத்தவர். பேஸ் கிட்டார், ஹவாயன் கிட்டார், பிறகு கீபோர்டு, சிந்தசைசர் என எது வேண்டுமானாலும் வாசிப்பார். சங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி.பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் என எல்லோரிடமும் வேலை பார்த்திருக்கிறார். மாலையில் பாடகியான மனைவியோடு சேர்ந்து கல்யாண வீடுகளில் கச்சேரி.

சினிமாவில் இந்த வேலை எப்படி நடக்கும் என்றால்: கூப்பிடுவார்கள், நோட்ஸ் கொடுப்பார்கள், வாசிக்க வேண்டும், சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். இசைத்தட்டு உறையில் பெயர் வராது. கோடம்பாக்கத்திலும் இதே கதைதான். 80-களின் இளையராஜா பாட்டுகளில் வரும் பேஸ் கிட்டாரை நாம் வாயாலேயே வாசித்துக் காட்டுவோம். ஆனால் அதில் நிறையவற்றை வாசித்த சசிதரன் என்ற பெயர், தேடிப் படித்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த மெஷினில் என்ன விசேஷம்?

இங்கேதான் கதை ருசியாகிறது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-ல் டிபி-303 என்று ஒரு சின்ன வெள்ளிநிறப் பெட்டியை இறக்கியது. தனியாக வாசித்துப் பழகுபவருக்குப் பக்கத்தில் பேஸ் கிட்டாரிஸ்ட் இல்லையென்றால், அந்த வேலையை இது பார்க்கும். அதுதான் திட்டம். சொதப்பிவிட்டது. சத்தம் நிஜ கிட்டார் மாதிரி இல்லை. ஸ்வரத்தைத் தனியாக, தாளத்தைத் தனியாக உள்ளே ஏற்றுவதற்குள் பொறுமை போய்விடும். 1984-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

யாருடைய பிழைப்பில் அது கைவைக்க வந்ததோ, அந்த பேஸ் கிட்டாரிஸ்ட்டே சிங்கப்பூரில் அதை வாங்கினார். கூடவே டிஆர்-808 டிரம் மெஷின், ஜூபிடர்-8 கீபோர்டு. மூன்றும் அப்போது புத்தம்புதுசு.

ஊரெல்லாம் டிஸ்கோ பைத்தியம் பிடித்திருந்த நேரம். 1980-ல் ‘குர்பானி’, 1982 கடைசியில் ‘டிஸ்கோ டான்ஸர்’. ஃபங்க் இசையில் பேஸ் கிட்டார்தான் நெளிந்து வளைந்து பாட்டை இழுத்துக்கொண்டு போகும். அதன் வாரிசான டிஸ்கோவில், அடியில் டிரம் ஒரே சீராக ‘தும் தும் தும் தும்’ என்று அடிக்கும். சரண்ஜித் சினிமாப் பாட்டுகளை அப்படியே வாசித்து இன்னொரு ரெக்கார்டு போட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை. தபலாவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் டிஸ்கோ அடியை வைத்தார். மேலே சுத்தமான ராகம்.

303-இல் ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். நம் காதுக்கு அது என்ன? கமகத்தின் தூரத்துச் சொந்தம்! பேஸ் கிட்டாராக நடிக்கத் தெரியாத பெட்டிக்கு ராகம் கொஞ்சம் வந்தது என்றே சொல்வேன்.

பத்து பாட்டு, பத்து ராகம். பெயர்கள் இந்துஸ்தானி என்று தயங்க வேண்டாம். பூபாலி நம் மோகனம், அதாவது ‘நின்னுக்கோரி வர்ணம்’ ராகம். மால்கௌன்ஸ்தான் ஹிந்தோளம். யமன் நம் கல்யாணிக்கு உறவு. பைரவ், மாயாமாளவகௌளைக்கு.

அப்புறம் என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகவில்லை. ஹெச்.எம்.வி வெளியிட்டது, விற்கவில்லை, மறந்தார்கள். சரண்ஜித் பழையபடி வாசிக்கப் போய்விட்டார்.

அங்கே சிகாகோவில், விலைபோகாத 303 பெட்டிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தன. அதை வாங்கிய ஃபியூச்சர் என்ற குழு, பட்டன்களைக் கன்னாபின்னாவென்று திருகி 1987-ல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டது. அதிலிருந்துதான் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை உலகமெங்கும் பரவியது. எடோ பௌமன் என்ற டச்சு இசைத்தட்டு சேகரிப்பாளர் 2002-ல் டெல்லியில் சரண்ஜித்தின் பழைய ரெக்கார்டு ஒன்றைக் கண்டெடுத்தார். கேட்டவர் ஆடிப்போனார். சிகாகோவுக்கு ஐந்து வருடம் முன்பே அதே சத்தம்!

‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஒரு இந்தியர்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள். சிகாகோ பையன்கள் இவரைக் கேட்டு வாசித்ததாக ஆதாரம் இல்லை. ஒரே மெஷினை ரெண்டு ஊரில் ரெண்டு விதமாகத் திருகினார்கள், அவ்வளவுதான். அதற்காக இந்த ஆல்பத்தின் மதிப்பு குறைந்துவிடாது. போட்டியில் முதலில் வந்ததற்காகவா ஒரு பாட்டைக் கேட்கிறோம்?

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் உண்டு. ஃபங்கடெலிக் குழுவின் எடி ஹேசல். 1971-ல் ‘மேகட் பிரெய்ன்’ பாட்டில் பத்து நிமிடம் கிட்டாரை அழவைத்தவர். 1977-ல் ஒரே ஒரு சோலோ ஆல்பம். அதுவும் வெகுகாலம் கடைகளில் கிடைக்காமல் போனது. 1992-ல், 42 வயதில் இறந்துவிட்டார். சரண்ஜித்துக்குக் கொஞ்சம் நல்ல காலம். எழுபது வயதுக்குமேல், இந்த ஆல்பத்துக்காகவே வெளிநாடுகளில் மேடையேறினார். பேத்தி வயதுப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். பாணர்களுக்கு வாரிக் கொடுத்த மன்னன். அவனைப் பாடிய வன்பரணர் பெயர் புறநானூற்றில் இருக்கிறது. அன்றைக்கு யாழ் வாசித்தவர்கள் பெயர் இல்லை.

டீ வருவதற்குள் நண்பன் போனைத் தூக்கிப் பிடித்து டவர் தேடிக்கொண்டிருந்தான். "அந்தப் பேரைச் சொல்லு... சரண்ஜித் என்ன?"