அவர் பார்த்திருப்பார்!

"அடுப்பை அணைத்தாயா?" "நீங்கள் அணைத்திருப்பீர்கள் என்றல்லவா எண்ணினேன்!" இத்தகைய உரையாடல் நிகழாத இல்லம் இல்லை எனலாம். பெரும்பாலும் அது சிரிப்பிலோ சிறு சினத்திலோ முடிந்துவிடுகின்றது. அவ்வாறு முடியாமற்போன ஒரு நிகழ்ச்சியை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

1990ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள். பம்பாயிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் 605ஆம் எண் விமானம் நண்பகல் கடந்த வேளையில் பெங்களூரை நெருங்கிக்கொண்டிருந்தது. முந்திய டிசம்பர் மாதத்தில்தான் பணியில் சேர்ந்த புத்தம் புதிய ஏர்பஸ் ஏ-320 அது. பிரயாணிகளும் பணியாளரும் சேர்ந்து 146 பேர் அதில் இருந்தனர். வானம் தெளிவாயிருந்தது, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. எனவே விமானிகள் அதைக் கண்ணாற் பார்த்தே இறங்குவதெனத் தீர்மானித்து அனுமதியும் பெற்றனர்.

விமானி அறையில் அமர்ந்திருந்த இருவருமே அனுபவம் மிக்கவர்கள். ஒருவர் இப்புதுவகை விமானத்திற்குத் தலைமை விமானியாகும் பொருட்டுத் தேர்வுப் பறத்தலில் இருந்தார். மற்றவர் அவரைச் சோதித்தறியும் மூத்த விமானி. சோதிப்பவர் அருகில் இருக்கிறார் என்ற தைரியம் ஒருவருக்கு. ஓட்டுபவர் தேர்ந்தவர் என்ற நம்பிக்கை மற்றவருக்கு.

இவ்விமானத்தின் முகப்புப் பலகையில் இரண்டு திருகு குமிழ்கள் அருகருகே உள்ளன. எந்த உயரத்திற்குச் செல்ல வேண்டும் என்பதைக் குறிப்பது ஒன்று. நிமிடத்திற்கு எத்தனை அடி வீதம் ஏறவோ இறங்கவோ வேண்டும் என்பதைக் குறிப்பது மற்றொன்று. இறங்கும் வேகத்தை நிமிடத்திற்கு 700 அடியென வைக்குமாறு ஒருவர் கேட்டார். மற்றவரோ வேகக் குமிழுக்குப் பதிலாக உயரக் குமிழைத் திருப்பி 700 என வைத்திருக்கக்கூடும் என்று விசாரணை நீதிமன்றம் பின்னர்க் கருதியது.

இதன் விளைவை நோக்குங்கள். பெங்களூர்த் தரையே கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் உள்ளது. ஆகவே 700 அடி உயரம் என்பது அவ்வூர் மண்ணுக்கும் வெகு ஆழத்தில் இருப்பதாகும்! இயந்திரத்திற்கு மண்ணென்றும் விண்ணென்றும் தெரியுமா? இட்ட கட்டளைப்படி எஞ்சின்களின் விசையை மிகக் குறைத்து, விமானத்தைக் கீழே இறக்கத் தொடங்கியது. மணிக்கு 132 கடல் மைல் இருக்க வேண்டிய வேகம் சிறுகச் சிறுகத் தேய்ந்து 106 வரை வீழ்ந்தது. இருவர் கண்களும் ஓடுபாதையின்மீது இருந்தன போலும். வேகம் காட்டும் கருவியை உரிய நேரத்தில் எவரும் நோக்கவில்லை.

தரைக்குச் சில நூறு அடிகளே இருந்தபோது பிழையின் சாயல் அவர்களுக்குப் புலப்பட்டது. விமானிக்கு வழிகாட்டும் கருவி அவ்விருவர் முன்னும் ஒவ்வொன்று உண்டு. இரண்டையும் அணைத்திருந்தால் வேகத்தைக் காக்கும் பொறுப்பை இயந்திரம் தானே ஏற்றிருக்கும். ஆனால் ஒன்று மட்டுமே அணைக்கப்பட்டது. மற்றொன்று அணையாமலே இருந்தது. 'நான் அணைத்துவிட்டேன்' என்று ஒருவர் கூற, 'என்னுடையதை அணைக்கவில்லையே' என்ற பொருள்பட மற்றவர் மறுமொழி கூறியது ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகியுள்ளது. நம் அடுப்பங்கரைப் பேச்சேதான்! அங்கோ அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

இறுதியில் எஞ்சின்களுக்கு முழு விசை கொடுக்கப்பட்டது. எனினும் விசை குன்றிய எஞ்சின் மீண்டும் வலுப்பெறச் சில விநாடிகள் தேவை. அச்சில விநாடிகள் அவர்களுக்குக் கிட்டவில்லை. ஓடுபாதைக்குச் சுமார் 2,300 அடி முன்னதாகக் கோல்ஃப் மைதானத்தில் மோதி, எழும்பி, மண்கரை ஒன்றில் மீண்டும் மோதித் தீப்பற்றியது விமானம். விமானிகள் இருவர் உட்பட 92 பேர் மாண்டனர். 54 பேர் உயிர் பிழைத்தனர். அதன்பின் நம் நாட்டில் ஏ-320 விமானங்கள் சில மாதங்கள் பறக்காமல் நிறுத்திவைக்கப்பட்டன.

இரண்டாண்டுகள் நிறையுமுன், 1992 ஜனவரி 20ஆம் நாள், அதே வகை விமானமொன்று பிரான்சு நாட்டில் வீழ்ந்தது. கண் நோயுற்றோரின் பாதுகாவலியாகப் போற்றப்படும் புனித ஒடில் அம்மையாரின் திருத்தலம் அமைந்த மலையருகே, இரவில் மோதி நொறுங்கியது அது. இருந்த 96 பேரில் 87 பேர் உயிர் துறந்தனர். 3.3 பாகைச் சரிவில் இறங்க எண்ணியவர்கள், நிமிடத்திற்கு 3,300 அடி வீதம் இறங்கும்படி தம்மையறியாமல் கட்டளையிட்டிருக்கலாம் என்பது ஆய்ந்தோர் கருத்து. இரண்டையும் '33' என்ற அதே இரண்டு இலக்கங்களால் அக்கருவி காட்டியது. பின்னர், இறங்கும் வேகத்தை நான்கு இலக்கங்களில் காட்டுமாறு அது திருத்தப்பட்டது.

கருவிகளைத் திருத்தினர், பழக்கங்களையும் திருத்தினர். இன்று விமானி ஒருவர் ஓர் அளவை மாற்றினால், அதை வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். மற்றவர் கருவியைத் தம் கண்ணால் நோக்கி, வாய்விட்டே உறுதிப்படுத்தல் வேண்டும். மூத்தவர் தவறினாலும் இளையவர் தயங்காது சுட்டிக்காட்ட வேண்டுமெனப் பயிற்சி தரப்படுகிறது. இது அவநம்பிக்கை அன்று; ஒருவர் பிழையை மற்றவர் தாங்கிப் பிடிக்கும் அன்பின் ஒழுங்கே ஆகும்.

மாண்ட விமானிகளை நாம் குறைகூற முற்படவில்லை. அருகருகே உள்ள குமிழ்களில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தொடாத கை எது? ஆயினும் நம் இல்லங்களிலும் உயிர் காக்கும் பணிகள் பலவற்றை இருவராகவே செய்கின்றோம். பாட்டியாருக்கு இரவு மருந்து கொடுத்தாயிற்றா? கிணற்றடியில் விளையாடும் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்? எரிவாயு அடுப்பு அணைக்கப்பட்டதா? 'அவர் பார்த்திருப்பார்' என்று கணவனும், 'அவள் பார்த்திருப்பாள்' என்று மனைவியும் இருக்கும் இடைவெளியில்தான் ஆபத்து நுழைகின்றது.

ஆதலின் கேட்பதற்கு நாணாதிருப்போம்; கேட்கப்பட்டால் சினவாதிருப்போம். இளையவர் ஒருவர், "அப்பா, இதைச் சரிபார்த்தீர்களா?" என்று வினவினால், அதை மரியாதைக் குறைவென எண்ணாமல், எழுந்து சென்று ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம்.