ஊர்ப் பெயரும் உணவுப் பண்டமும்

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் லைட்ஹவுஸ் குப்பம் அமைந்துள்ளது. இப்பகுதி மகளிர் மீனைக் கீறிக் குடல் நீக்கி, உப்பிட்டு, வெயிலில் உலர்த்திக் கருவாடாக்குகின்றனர். வேறிடத்துச் சரக்கும் "பழவேற்காட்டுக் கருவாடு" என்ற பெயரிலேயே விற்கப்படுமாயின், நட்டம் யாருக்கு? உழைத்தவர்க்கும், நம்பி வாங்கியவர்க்குமே. இதற்குப் பரிகாரம் என்ன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கிரேக்க நாட்டுக் கியோஸ் தீவின் தென்பகுதியில் 24 ஊர்களில் மஸ்திகா என்னும் மரப்பிசின் எடுக்கப்படுகிறது. ரொட்டியிலும் இனிப்புகளிலும் மணத்திற்காக அதனைச் சேர்ப்பர். அதை விளைவிக்கும் குடியானவர்களுக்கு 1938-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைந்தது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயருக்குக் காப்பு அளித்தது. பிற இடத்துப் பிசினைக் கியோஸ் மஸ்திகா என்று அங்கு விற்றல் கூடாது.

நம் நாட்டிலும் இதற்கெனச் சட்டம் உண்டு. 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் பதிவகம் சென்னையிலேயே இயங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலும் பதிவு பெற்றன. கரிசல் மண்ணின் நிலக்கடலையும் தாமிரபரணி நீரும் பின்னதன் சுவைக்குக் காரணமாகக் காட்டப்பெற்றன.

இப்பதிவு தனி ஒருவரின் உடைமை அன்று. உற்பத்தியாளர்களின் சங்கம் விண்ணப்பிக்கலாம். பண்டம் எந்த எல்லைக்குள், எம்முறையில் செய்யப்படுகிறது, அதன் தனித்தன்மை அம்மண்ணோடும் நீரோடும் எவ்வாறு பிணைந்துள்ளது என்பவற்றை மெய்ப்பித்தல் வேண்டும். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். பின்னர்ப் புதுப்பித்துக் கொள்ளலாம்.

நம் ஏரியில் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கின்றன. அந்த உவர்நீரில் இறாலும் மடவையும் வளர்கின்றன. மண்ணோடும் நீரோடும் உள்ள பிணைப்பை ஆராய இதுவே தொடக்கம். ஆயினும் விண்ணப்பத்திற்கு முன் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. வெறும் மணலில் காயவைத்த கருவாட்டில் மண் ஒட்டும், ஈயும் மொய்க்கும். உயர்த்திக் கட்டிய பரண்களில், வலையால் மூடி உலர்த்துதல் நலம். எந்த மீன், எவ்வளவு உப்பு, எத்தனை நாள் வெயில் என்பவற்றை மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூடி முடிவு செய்து, ஏட்டில் எழுதி, எல்லோரும் ஒன்றுபோலக் கடைப்பிடித்தல் வேண்டும்.

ஒருவர் ஈரக் கருவாட்டை விற்றாலும் கெடுவது ஊரார் அனைவரின் பெயருமே. பெயரைச் சட்டம் காக்கும்; தரத்தைக் காப்பது நம் கடன். ஊராட்சித் தலைவர்களும் குழுவினரும் அவ்வேட்டின் முதற் பக்கத்தை இப்பருவத்திலேயே எழுதத் தொடங்குவார்களாக.